அம்மாவின் உள்ளங்காலுக்கு 150 டாலரா?

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு வயது 71. 2009இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு சிட்னி டூங்காபியில் இருக்கிறார். அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் கார்ட், பென்ஷனர் கார்ட் இரண்டும் உண்டு. இடது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு அடையாளம், எட்டு மாதமாகப் பெரிதாகிக்கொண்டு வருகிறது. ஸ்கின் செக், அதாவது தோல் பரிசோதனை, செய்யலாம் என்று விசாரித்தால் ஒரு இடத்தில் இலவசம், இன்னோர் இடத்தில் 150 டாலர், மற்றொரு இடத்தில் உடம்பு முழுக்கப் படம் எடுக்க 400 என்கிறார்கள். எது சரி? மாதாமாதம் கட்டும் பிரைவேட் இன்ஷூரன்ஸ் உதவுமா? அம்மாவோ, "நம்மட தோலுக்கு அதெல்லாம் வராது, காசைக் கரைக்காதே" என்கிறார்.

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவின் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கறுத்த தோலில் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை. ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஒரு வகை வெயிலோடு சம்பந்தமில்லாமல் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வரும். நம்மைப் போன்ற தோல்காரருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அந்த இடங்களில்தான். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் அடியில்தான் தொடங்கியது. 1981இல், 36 வயதில் போய்விட்டார். அம்மாவின் காலில் இருப்பது வெறும் காய்ப்பாகவோ மச்சமாகவோ இருக்கலாம். நான் வைத்தியர் இல்லை, ஜிபி, அதாவது குடும்ப வைத்தியர், கிளினிக்கின் முன்மேசையில் 22 வருடம் பில் போட்டவள். எட்டு மாதமாக வளர்வதை இந்த வாரமே காட்ட வேண்டும் என்று சொல்ல அந்த அனுபவம் போதும்.

இனி காசு. ஆஸ்திரேலியாவில் மார்பகத்துக்கும் குடலுக்கும் இருப்பது போல, தோலுக்கென்று அரசாங்கம் கூப்பிட்டுச் செய்யும் இலவசப் பரிசோதனை கிடையாது. எந்தச் சேவைக்கு எவ்வளவு தருவது என்று மெடிகேர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறது, ஸ்கின் செக்குக்கு அப்படித் தனி நம்பரும் இல்லை. சளி காய்ச்சலுக்குப் போனால் எந்த நம்பரில் பில் போடுவோமோ, அதே நம்பர்தான். 6 நிமிடத்திலிருந்து 20 நிமிடத்துக்குள் முடிந்தால் 23, அதற்கு மேல் போனால் 36. 2025 ஜூலை கணக்குப்படி முதலாவதற்கு மெடிகேர் தருவது 43 டாலர் 90 சென்ட், இரண்டாவதற்கு 84 டாலர் 90 சென்ட். "பல்க் பில்" என்றால் அந்தத் தொகையையே முழுக் கட்டணமாக வைத்தியர் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பார்வைக்கு மேலதிகமாக ஒரு சதம் வாங்கக்கூடாது. 150 கேட்கும் இடத்தில் 150ஐக் கட்டிவிட்டு மெடிகேர் பங்கைத் திரும்பப் பெறுவீர்கள். பத்து நிமிடத்தில் முடிந்தால் கைக்காசு 106 டாலர் 10 சென்ட், 20 நிமிடம் தாண்டினால் 65 டாலர் 10 சென்ட். ஒரே விலை, ஆனால் அவசரமாகப் பார்த்து அனுப்பினால் உங்களுக்குத்தான் நட்டம்!

பென்ஷனர் கார்ட் இருப்பதால் அம்மாவைப் பல்க் பில் செய்ய அநேக ஜிபிமார் சம்மதிப்பார்கள். 2025 நவம்பர் 1 முதல் மெடிகேர் கார்ட் உள்ள எல்லோருக்கும் பல்க் பில் செய்தால் வைத்தியருக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. ஆகவே உங்கள் வழக்கமான ஜிபியிடமே முதலில் போங்கள். அவரிடம் டெர்மோஸ்கோப் இருக்கிறதா, அதாவது தோலில் வைத்துப் பார்க்கும் அந்த விளக்கு வைத்த சின்னக் கண்ணாடி, என்று மட்டும் போனில் கேளுங்கள். 400 டாலர் படம் இப்போது வேண்டாம். உடம்பு நிறைய மச்சம் உள்ளவர்களுக்கு, வருடாவருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். அம்மாவுக்குப் பார்க்க வேண்டியது ஒரே இடம்.

செலவு கூடுவது அதற்கு அப்புறம்தான். இலவசமாகப் பார்த்துவிட்டு, "சின்னதாக ஒரு துண்டு எடுக்க வேண்டும்" என்பார்கள். அந்த பயாப்ஸிக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், அதையும் முன்கூட்டியே கேளுங்கள். துண்டைப் பரிசோதிக்கும் லேபின் பில் வேறு. பெரும்பாலும் அவர்கள் பல்க் பில் செய்வார்கள், ஆனாலும் படிவத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். முழுதாக வெட்டி எடுத்தால், நாங்கள் அன்றே பில்லை முடிக்க மாட்டோம், ரிப்போர்ட் வரும்வரை கோப்பை ஒரு தட்டில் போட்டு வைத்திருப்போம். புற்றுநோய் என்றால் ஒரு நம்பர், இல்லையென்றால் வேறு நம்பர், திரும்பக் கிடைக்கும் தொகையும் வேறு. பில் தாமதமானால் அம்மா பயந்துவிட வேண்டாம்.

தோல் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக வேண்டி வந்தால் ஜிபியின் ரெஃபரல் கடிதம் கட்டாயம். பிரைவேட்டாகப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் போகும். ஆஸ்பத்திரி பொது கிளினிக்குக்குக் கடிதம் கேட்டால், மெடிகேர் கார்ட்டில் கட்டணம் இல்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. காத்திருப்பு நீளம் என்பதால், வளர்கிறது என்பதையும் எட்டு மாதம் என்பதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பிரைவேட் இன்ஷூரன்ஸை இதில் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே வைத்தியரைப் பார்க்கும் செலவை அது தராது. வருடம் முழுக்க அம்மாவுக்குக் கட்டும் கைக்காசு ஒரு அளவைத் தாண்டினால் மெடிகேர் சேஃப்டி நெட் உதவும், தனியாளுக்கு மெடிகேர் தானாகவே கணக்கு வைக்கும், தம்பதியோ குடும்பமோ சேர்த்துக் கணக்குப் பார்க்கத்தான் பதிய வேண்டும். 

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் கிளினிக்குக்கு வரும் ஐயா ஒருவர், சர்க்கரைக்காரர். வேறோர் இடத்தில் 140 டாலர் கட்டி ஸ்கின் செக் முடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். முதுகையும் கையையும் பார்த்தார்களாம். சப்பாத்தைக் கழற்றவே சொல்லவில்லை. அடுத்த மாதம் கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்தபோது, எங்கள் நர்ஸ் காலுறையை உரித்தவுடன் குதிகாலில் ஒரு கறுப்பைக் கண்டு வைத்தியரைக் கூப்பிட்டார். அது மெலனோமா. நேரத்தோடு வெட்டி எடுத்தார்கள், இன்றும் கோயிலில் காண்கிறேன்.

அதனால் அம்மாவைக் கூட்டிப்போகும் அன்று கழற்ற லேசான செருப்பு போட்டு விடுங்கள். நகத்தில் பூச்சு, காலில் மருதாணி எதுவும் வேண்டாம். இன்றிரவே ஒரு பத்துச் சதக் காசைப் பக்கத்தில் வைத்து, போனில் அந்த அடையாளத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்த பழைய படம் ஏதாவது இருந்தால் அதையும் வைத்தியருக்குக் காட்டுங்கள். காலையில் எட்டு மணிக்கு போன் எடுத்தால் அநேகமாக அன்றைக்கே நேரம் கிடைக்கும்.