‘கோ’வுக்கு ‘வென்ட்’ எப்படி வந்தது?

வியாசர்பாடியில் மாலை டியூஷன் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ‘பிளே’ (play) இறந்தகாலத்தில் ‘பிளேய்ட்’ (played) ஆகும்போது ‘கோ’ (go) மட்டும் ஏன் ‘கோட்’ (goed) ஆகாமல் ‘வென்ட்’ (went) ஆகிறது என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டானாம். நல்ல கேள்வி. “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று அடக்கிவிடாதீர்கள்.

‘வென்ட்’ உண்மையில் ‘கோ’வின் பிள்ளையே இல்லை. ‘வெண்ட்’ (wend) என்று தனி வினை ஒன்று உண்டு. முதலில் திரும்புதல், பிறகு வழி பிடித்துப் போதல் என்பது அதன் பொருள். ‘செண்ட்’ (send) ‘சென்ட்’ (sent) ஆவது போல, ‘ஸ்பெண்ட்’ (spend) ‘ஸ்பென்ட்’ (spent) ஆவது போல, இதற்கும் இறந்தகாலம் ‘வென்ட்’. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வுக்கு ‘எயோடெ’ என்ற இறந்தகாலம் இருந்தது. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான்! 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வழக்கொழிய, அந்த இடத்தை ‘வென்ட்’ பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘கேட்’ (gaed) என்று ‘கோ’விலிருந்தே ஒரு வடிவம் உண்டு. அதைச் சொன்னால் பையனுக்குக் குஷிதான்.

‘கோ’வின் பொருள்களைத் தமிழ் வழியாகவே சொல்லிக்கொடுங்கள். பால் கெட்டுப்போனது என்கிறோம். ஆங்கிலத்திலும் அங்கே ‘வென்ட்’தான் (went bad). “மின்ட் பக்கம் மழை பெய்யப் போகுது” என்னும்போது மழை எங்கும் நடந்து போகவில்லை, வருங்காலத்தைத்தான் சொல்கிறோம். ‘கோயிங் டு’வும் அதே வேலையைச் செய்கிறது.

அடுத்து ‘கான்’ (gone) எங்கிருந்து வந்தது என்று கேட்பான். அது மட்டும் ‘கோ’வுக்கே சொந்தம்.