கார்டு பையில்தான் இருக்கிறது, பணம் எங்கே போனது?

கிரெடிட் கார்டு மோசடி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலரும் ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. ஓ.டி.பி. வரவில்லை, யாரும் போன் செய்யவும் இல்லை. வியாழக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மேல் ஏதோ வெளிநாட்டு இணையதளத்தில் முதலில் 1 டாலர், அடுத்து 190, அதற்கடுத்து 240 டாலர் போயிருக்கிறது. காலையில்தான் எஸ்.எம்.எஸ். பார்த்தேன். இதை நான் கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: ஓ.டி.பி. மாதிரி கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பது இந்தியாவுக்குள் நடக்கும் இணையப் பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி வைத்த கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவும் அதைக் கேட்பதில்லை. கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து 3 இலக்க சி.வி.வி. மூன்றும் கிடைத்தால் போதும். எப்போதோ பொருள் வாங்கிய வெளிநாட்டுத் தளத்திலோ, ஏதாவது போலித் தளத்திலோ உங்கள் எண் கசிந்திருக்கலாம். அந்த 1 டாலர், ஆழம் பார்க்க விட்டது. கார்டு நடப்பில் இருக்கிறதா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் பெரிய தொகைக்குப் போவார்கள். அதனால் 1 டாலர், 2 ரூபாய் என்று தெரியாத செலவு வந்தாலே 'போகட்டும்' என்று விடாமல் கார்டை முடக்கிவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்தது. தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், தகவல் வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால், கார்டு வரம்பு 5 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் வரம்பு உள்ளவர்களுக்கு 25,000 ரூபாய். 7 நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். உங்கள்மேல் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி, நீங்கள் அல்ல.

எஸ்.எம்.எஸ். வந்த நாள் கணக்கில் சேராது. உங்களுக்கு வியாழன் வந்தது. வெள்ளி முதல் நாள். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை என்றால் வங்கி விடுமுறை, ஞாயிறும் இல்லை. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. செவ்வாய் வரை நேரம் இருக்கிறது என்பதற்காகச் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார்டு திறந்திருக்கும் வரை மோசடிக்காரன் எடுத்துக்கொண்டேதான் இருப்பான்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிட்டு, கார்டை நிரந்தரமாக முடக்குங்கள். தற்காலிகப் பூட்டு மட்டும் போட்டால் கசிந்த எண் அப்படியே இருக்கும். புது எண்ணுள்ள கார்டு வாங்கினால்தான் தொல்லை தீரும். அடுத்து, கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். 'தொகை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, பில் ஆன பிறகு பார்க்கலாம்' என்று சில வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சொல்வார்கள். பில் எப்போது வேண்டுமானாலும் ஆகட்டும், புகார் எண் இப்போதே வேண்டும் என்று கேளுங்கள். அதே விவரத்தை மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள். நேரத்தோடு சாட்சி நிற்கும். பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார்.

புகார் செய்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் பில் வந்தால் தகராறில் உள்ள தொகையைக் கழித்துவிட்டு, மீதி முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்தப் பில்லையும் கட்டாமல் விட்டால், நீங்களே செய்த செலவுக்கும் சேர்த்து வட்டி ஏறும். கிரெடிட் ஸ்கோரும் அடிபடும்.

கேள்வி: 'ரிவார்ட் பாயிண்ட் இன்றோடு முடிகிறது' என்று ஒருவர் போன் செய்தார். என் பெயர், கார்டின் கடைசி நான்கு எண் எல்லாம் சரியாகச் சொன்னதால் நம்பி ஓ.டி.பி. சொல்லிவிட்டேன். இரண்டு தடவையாக 48,000 ரூபாய் போய்விட்டது. 'நீங்களே கொடுத்ததுதானே' என்று வங்கி கைவிரிக்கிறது. வழியே இல்லையா?
- வாசகி, மதுரை

பதில்: முதல் தொகை கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஓ.டி.பி.யைச் சொன்னது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றே விதி கொள்கிறது. ஆனால் அதே விதியில் இன்னொரு வரி உண்டு: வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகிற பணம் வங்கியின் தலையில். அதனால் நீங்கள் வங்கிக்குப் போன் செய்த நேரத்தையும் இரண்டாவது தொகை போன நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போனின் அழைப்புப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல் தொகைக்கு உடனே எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். வந்ததா என்பதும் முக்கியம்; வங்கி அனுப்பத் தவறியிருந்தால் அதைப் புகாரில் எழுதுங்கள்.

வங்கி 'வேண்டுமானால் இ.எம்.ஐ. ஆக மாற்றித் தருகிறோம்' என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். உதவி போலத் தெரியும். ஆனால் அது கடனை நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். எழுத்துப் புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரத்துக்கு 14448.

இனி ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் செய்தியை முழுவதும் படியுங்கள். எந்தக் கடைக்கு, எவ்வளவு ரூபாய் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பாயிண்டை வரவு வைக்க ஓ.டி.பி. தேவையில்லை, பணம் வெளியே போகத்தான் அது வேண்டும். கடைசி நான்கு எண் தெரிவது பெரிய விஷயம் இல்லை, அது ஒவ்வொரு ரசீதிலும் இருக்கிறது. வங்கிகள் சேவைக்காக அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களும், விளம்பரத்துக்கு 140 வரிசையும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்றால் அங்கேயே வைத்துவிடலாம். இணையதளத்துக்கும் அடையாளம் உண்டு: நம் வங்கிகளின் முகவரிகள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும்.

கேள்வி: தட்டினாலே பணம் போகும் கார்டு வைத்திருக்கிறேன். பஸ் நெரிசலில் யாராவது மெஷினைப் பாக்கெட்டில் உரசி எடுத்துவிட முடியுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தப் பயம் கொஞ்சம் மிகை. மெஷின் சில சென்டிமீட்டர் அருகில் வர வேண்டும். பணமும் வங்கியில் பதிவு செய்த ஒரு வணிகர் கணக்குக்குத்தான் போகும், ஆளைப் பிடித்துவிடலாம். நிஜமான ஆபத்து கார்டு தொலைவதுதான். 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே தட்டலாம் என்பதால், எடுத்தவன் கடை கடையாகத் தட்டுவான். ஆப்பில் அந்த வசதியை அணைத்து வைக்கலாம், அல்லது தினசரி வரம்பை 1,000 ரூபாய் மாதிரி இறக்கி வைக்கலாம்.

கேள்வி: சி.வி.வி. எண்ணைச் சுரண்டி அழித்துவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: மனப்பாடம் செய்துவிட்டு மேலே சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அதைவிட, லாட்ஜ் முன்பதிவுக்கென்று கார்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். ஹோட்டலில் கார்டை உள்ளே எடுத்துப் போகவும் விடாதீர்கள்; மெஷினை மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லலாம்.

கேள்வி: போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை என் மகன் திறந்துவிட்டான். அப்போதிருந்து ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். எதுவும் எனக்கு வருவதில்லை.
- வாசகி, திருவள்ளூர்

பதில்: அந்த ஃபைலின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்திருக்கும். அது ரசீது அல்ல, ஒரு செயலி. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் ஓ.டி.பி.யை மோசடிக்காரனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடும். உடனே அந்தப் போனில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். சிம்மைக் கழற்றிச் சாதாரண பட்டன் போனில் போட்டால் எஸ்.எம்.எஸ். மறுபடி வரத் தொடங்கும். பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகுதான் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அந்தப் போனிலேயே முதலில் மாற்றினால் புதுக் கடவுச்சொல்லும் அவனுக்குப் போகும்.

கேள்வி: கேட்காமலே ஒரு கிரெடிட் கார்டு கூரியரில் வந்திருக்கிறது. தூக்கிப் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: குப்பையில் போட்டால் கணக்கு மூடாது. சம்மதம் இல்லாமல் கார்டு அனுப்பக் கூடாது என்பது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. அப்படி அனுப்பிய கார்டுக்குப் பில்லும் போட்டிருந்தால், அதைத் திருப்புவதோடு அந்தத் தொகையைப் போல இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். இது வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 'ரத்து செய்யத்தான்' என்று யாராவது போனில் ஓ.டி.பி. கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள், அந்த ஓ.டி.பி. கார்டை இயக்கி வைப்பதற்காக இருக்கும். கூடவே சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுத்து, உங்கள் பான் எண்ணில் வேறு கார்டு, கடன் ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.