மீசை வைத்த போதிசத்துவர்

அன்புள்ள ஐயா,

பழைய சீனச் சிற்பங்களின் படத்தொகுப்பு ஒன்றில் தங்க முலாம் பூசிய வெண்கலச் சிலையைப் பார்த்தேன். ஜப்பானில் இருக்கிறதாம். மீசை, காலில் செருப்பு. கீழே ‘போதிசத்துவர்’ என்று போட்டிருந்தது. நான் அறிந்த போதிசத்துவர் வெள்ளை உடுத்திய, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் அம்மன்தான். பெண் தெய்வத்துக்கு மீசை எப்படி வந்தது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது கியோட்டோவில் ஃபுஜி யூரின்கான் அருங்காட்சியகத்துச் சிலையாகத்தான் இருக்கும். 4ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. உயரம் ஓரடிக்குச் சற்று அதிகம். படத்தை மறுபடி எடுத்து இடது கையைப் பாருங்கள். சிறிய நீர்க்குடுவை ஒன்று தொங்கும். காந்தாரச் சிற்பங்களில் அது மைத்ரேயரின் அடையாளம். ஆகவே இவரை இனி வரப்போகும் புத்தராகவே கொள்கிறார்கள்.

மீசை, செருப்பு, கழுத்தணி எல்லாமே காந்தாரத்திலிருந்து, இன்றைய பெஷாவர் பக்கமிருந்து வந்தவை. துறவியான புத்தருக்கு அங்கே நகை கிடையாது. புத்தராகும் வழியில் இருக்கும் போதிசத்துவரையோ இளவரசனாகவே வடித்தார்கள். சீனக் கம்மியர் அந்த இளவரசனை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். மேலாடையின் மடிப்பை மட்டும் அப்படியே விடவில்லை; துணியின் கனத்தைக் குறைத்து, கோலம் இழுத்ததுபோல் வரிவரியாக அடுக்கிவிட்டார்கள். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

குவான்யினும் தொடக்கத்தில் ஆண்தான். 406இல் பௌத்தத் துறவி குமாரஜீவர் சீனத்தில் பெயர்த்த தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலில் அவர் எடுக்கும் 33 உருவங்களில் பெண் உருவங்களும் உண்டு. ஆனாலும் சிற்பத்தில் அம்மனாக நிலைபெறச் சோங் அரசமரபின் காலம் (10–13ஆம் நூற்றாண்டு) ஆயிற்று.

5ஆம் நூற்றாண்டில், சீனாவின் வடபகுதியை ஆண்ட வட வேய் அரசமரபின் காலத்துச் சிலைகளையும் தேடிப் பாருங்கள். பல, கைக்குள் அடங்குபவை. கையில் தாமரைத் தண்டு, முதுகுக்குப் பின்னால் சுடர்வட்டம், அடியில் நாலுகால் பீடம். எனக்கு முதலில் கண் போவது அந்தப் பீடத்துக்குத்தான். ஆண்டு, நாள், செய்வித்தவர் பெயர், யாருக்காக என்பதை அதில் கீறி வைத்திருப்பார்கள். முலாம் பூசும் முறை இது: பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடுகாட்டினால் பாதரசம் ஆவியாகிப் பொன் தங்கிவிடும். அந்தப் பொன் தேய்ந்த இடத்திலும் எழுத்து நிற்கும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 524ஆம் ஆண்டு மைத்ரேயர் சிலைத்தொகுதி ஒன்று இருக்கிறது. இறந்துபோன மகனுக்காகத் தகப்பன் செய்வித்தது. நடுவில் மைத்ரேயர் புத்தராகவே நிற்க, போதிசத்துவர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். பறக்கும் தேவர்களைத் தனித்தனியே வார்த்து, சுடர்வட்டத்தின் விளிம்பெங்கும் பொருத்தியிருக்கிறார்கள்.