கோயிலை விரிவாக்கும் முன் 'பாலாலயம்' செய்வது ஏன்?

பாலாலயம் என்றால் சின்னக் கோயில், அவ்வளவுதான். கருவறையில் திருப்பணி தொடங்கும் முன், தெய்வ சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, பெரும்பாலும் அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு மாற்றி, பக்கத்துக் கொட்டகையில் வைத்துக் கும்பிடுவார்கள். உளியும் சிமெண்டும் புழங்கும் இடத்தில் பூசை செய்ய முடியாது. ஆனால் நித்திய பூசை ஒரு நாளும் நிற்கக் கூடாது. வீட்டை இடித்துக் கட்டும்போது அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிச் சமைக்கிறோமே, அதுபோலத்தான்.

இதில் அனுமதிக் கணக்கும் பணக் கணக்கும் உண்டு. கோலாலம்பூரில் கட்டட வரைபடத்துக்கு மாநகர் மன்ற அனுமதி வேண்டும். பினாங்கில், 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பகுதி என்றால் கட்டுப்பாடுகள் இன்னும் அதிகம். அனுமதியும் பாதிப் பணமாவது கையில் இல்லாமல் பாலாலயம் செய்தால், அம்மன் தகரக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். தூணுக்கு இத்தனை ரிங்கிட், படிக்கு இத்தனை என்று உபய (நன்கொடை) ரசீதுப் புத்தகம் முதலில் ஓடட்டும் என்பேன்.

அப்புறம், பாலாலயம் என்றதும் "கோயிலை மூடிட்டாங்க" என்று பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். மூடியிருப்பது பழைய கருவறை மட்டும், அர்ச்சனைத் தட்டோடு தாராளமாக வரலாம்.