இம்ப்ரோவ் நகைச்சுவை என்றால் என்ன? ஏமி போலரின் தொலைக்காட்சி வாழ்க்கைக்கு அது எப்படி உதவியது?

இம்ப்ரோவ் என்பது, எழுதிவைத்த வசனம் இல்லாமல், பார்வையாளர் தரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே காட்சியை உருவாக்கும் கலை. சக நடிகர் சொன்னதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. ஏனெனில், மறுத்த கணமே கதை நின்றுவிடும். மாடிப்படியில் இருவர் கட்டில் தூக்குவதைப் போன்றது இது: ஒருவர் திரும்பும் பக்கம் மற்றவரும் திரும்பியாக வேண்டும்.

அமெரிக்க நடிகை ஏமி போலர் இக்கலையைச் சிகாகோவின் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழுவில் பயின்று, அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் குழுவினருடன் 1996இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். 2001இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்ந்த அவர், 2004 முதல் அதன் செய்திப் பகடிப் பகுதியை சக நடிகை டீனா ஃபேயுடன் வழங்கினார். எனினும், 2009 முதல் 2015 வரை 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரில் அவர் ஏற்ற லெஸ்லி நோப் என்ற உள்ளூராட்சி அலுவலர் வேடத்தில்தான், எதிரே இருப்பவரின் பேச்சைக் கூர்ந்து கேட்டு உடனே எதிர்வினை காட்டும் அந்தப் பழக்கம் முழுமையாக வெளிப்பட்டது என்பது என் கருத்து. அவ்வேடம் 2014இல் அவருக்குக் கோல்டன் குளோப் விருதைப் பெற்றுத் தந்தது.

'சாட்டர்டே நைட் லைவ்' நேரலை என்பதால் அதுவும் இம்ப்ரோவ்தான் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அதன் வசனங்கள் வாரம் முழுவதும் எழுதித் திருத்தப்பட்டு, அட்டைகளைப் பார்த்தே பேசப்படுகின்றன.