மாவுச்சத்தைக் குறைத்தும் எடை நின்றுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 43. 81 கிலோ இருந்தேன். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்து ஒன்பது வாரம் ஆகிறது. சோறு, ரொட்டி, சர்க்கரை எதையும் தொடுவதில்லை. முதல் பத்து நாளிலேயே மூன்று கிலோ இறங்கியது. அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் ஒன்றரை கிலோ. அதோடு சரி. நான்கு வாரமாகத் தராசு 76.5-ஐ விட்டு நகரவில்லை. என்னோடு வேலை பார்க்கும் தோழி இதே முறையில் ஆறு மாதத்தில் 14 கிலோ குறைந்திருக்கிறாள். நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் படுக்கையிலிருந்து எழுந்தால் சில நாள் தலை சுற்றுகிறது. மலச்சிக்கலும் உண்டு. மாவுச்சத்தை இன்னும் குறைக்க வேண்டுமா? மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்: தராசை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தலைசுற்றல்.

மாவுச்சத்து குறைந்தால் இரத்தத்தில் இன்சுலின் அளவு இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பை முன்போலப் பிடித்து வைக்காது, தண்ணீரோடு சேர்த்து வெளியே விட்டுவிடும். இந்த உணவு முறைக்கு மாறிய முதல் வாரத்தில் பலருக்குத் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். உங்கள் விஷயத்தில் மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது. 81 கிலோ இருந்தபோது, அன்றைய சாப்பாட்டுக்கு ஏற்ப எழுதிக்கொடுத்த அளவு இன்றைக்குக் கூடுதலாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் காலையில் உட்கார்ந்தபடி ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை அழுத்தத்தை அளந்து எழுதிக்கொண்டு, இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘உப்பைக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் இவற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு அது பொருந்தலாம். நீங்கள் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் இருப்பார்கள். இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு திடீரென மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு அபாயம்: சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும்போதும் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் தேங்கிவிடலாம். இவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் பேசாமல் இதில் இறங்கக் கூடாது.

சரி, இனி தராசு. முதல் பத்து நாளில் போன மூன்று கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். உடல் அவசரத் தேவைக்கென்று கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமித்து வைத்திருக்கிறது, ஏறக்குறைய அரை கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மாவுச்சத்து வருவது நின்றதும் இந்தக் கையிருப்பில் பெரும்பகுதி செலவாகிறது. அதன் தண்ணீரும் போகிறது. மேலே சொன்ன உப்புத் தண்ணீரும் போகிறது. கணக்குப் போட்டால் இரண்டு கிலோ இப்படியே வந்துவிடும்.

நானே ஒரு முறை 12 வாரம் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்தேன். மற்றவர்களுக்குச் சொல்கிறோமே, நமக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்ற எண்ணம்தான். ஐந்தாவது வாரத்தில் ஒரு விருந்து. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், இனிப்பும் விடவில்லை. மறுநாள் காலை தராசில் ஏறினால் 1.4 கிலோ கூடியிருக்கிறது! ஒரு கிலோ உடல்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே இரவில் 10,000 கலோரிக்கு மேல் கூடுதலாக என் வயிற்றில் போயிருக்க வாய்ப்பே இல்லை. இதெல்லாம் தெரிந்தும் அன்று காலை முகம் வாடித்தான் போனது. நான்காவது நாள் பழைய எடைக்கு வந்துவிட்டேன். வெளியே போன தண்ணீர் திரும்பி வந்தது, மறுபடி போனது, அவ்வளவுதான். வேகமாக இறங்கிய முதல் பத்து நாளை வைத்து மற்ற வாரங்களை அளந்தால், எந்த வாரமும் உங்களுக்குத் தோல்வியாகத்தான் தெரியும்.

தோழியின் 14 கிலோவுக்கு வருவோம். சொந்த அனுபவத்தைக் கேட்டு இந்த முறைக்கு வருவது புதிதொன்றும் இல்லை. 1862-இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் தன் மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் குறைத்தார். இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்யும் தொழில் அவருக்கு. ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ இறங்கினார். 1863-இல் அதைச் சிறு வெளியீடாகவே அச்சிட்டுவிட்டார். அது பரவிய பரவலில், ஸ்வீடிஷ் மொழியில் உடல் இளைக்கச் சாப்பாட்டைக் குறைப்பதற்கு இன்றைக்கும் அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான் வழங்குகிறது. அவர் பொய் சொல்லவில்லை, உங்கள் தோழியும் சொல்லவில்லை. ஆனால் அதே முறையில் இறங்கி எடை குறையாதவர்கள் யாரும் வெளியீடு போடுவதில்லை, அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிவதும் இல்லை.

அந்தச் சத்தமில்லாத ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்துக் குறைவு, மறு பாதிக்குக் கொழுப்புக் குறைவு என்று ஓராண்டு பின்பற்றச் சொன்னார்கள். முடிவு 2018-இல் வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. என் கண்ணில் பட்டது சராசரியைவிட அதன் இரு முனைகள். இரண்டு பிரிவிலுமே சிலர் 30 கிலோ அளவுக்குக் குறைந்திருந்தார்கள், சிலர் 10 கிலோ வரை ஏறியிருந்தார்கள். ஒரே அறிவுரை, ஒரே ஓராண்டு! உங்கள் தோழி அந்த வரிசையில் ஓர் இடத்தில் நிற்கிறார், நீங்கள் வேறோர் இடத்தில்.

அப்படியென்றால் எடை குறைகிறவர்களுக்கு என்ன நடக்கிறது? பெரும்பாலும் பசி அடங்குகிறது. சோறும் ரொட்டியும் பிஸ்கட்டும் போன இடத்தில் முட்டை, மீன், காய் வருகின்றன. புரதம் கூடுகிறது, வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது, இடையில் கொறிப்பது தானாகவே நிற்கிறது. கணக்குப் பார்க்காமலேயே ஒரு நாளைக்குச் சில நூறு கலோரி குறைந்துவிடுகிறது. இது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டியது), இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு என்று கொடுத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். 2021-இல் வெளியான அந்த முடிவில், கொழுப்பு குறைந்த உணவின்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். பசியிலும் நிறைவிலும் வித்தியாசம் தெரிந்ததாக அவர்கள் சொல்லவில்லை. ஆகவே பசி அடங்குகிறதா என்பதை உங்கள் வயிற்றிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் குறிப்பு. மூன்று நாளும் சாப்பாட்டு வேளைகள் நன்றாகவே இருக்கின்றன: முட்டை, கோழி, மீன், காய்கறி. குறை சொல்ல ஒன்றுமில்லை. இடையில்தான் விஷயம் இருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளையும் காபியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். பதினோரு மணிக்கு ‘முந்திரி, ஒரு கைப்பிடி’. நான்கு மணிக்கு மறுபடி ‘ஒரு கைப்பிடி’. இரவு படுக்கும் முன் சீஸ் மூன்று துண்டு.

கைப்பிடி என்பது எவ்வளவு? எனக்கும் ஆர்வம் வந்து, சமையலறைத் தராசை எடுத்து வைத்து, முந்திரி டப்பாவில் கைவிட்டு சாதாரணமாக அள்ளி நிறுத்தேன். 46 கிராம். கிட்டத்தட்ட 260 கலோரி, அதில் மாவுச்சத்தே 14 கிராம். பாதாம், வால்நட்டைவிட முந்திரியில் மாவுச்சத்து அதிகம் என்பது இந்த முறையில் இருக்கிற பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கையும் என் கை மாதிரி என்றால் முந்திரி மட்டும் ஒரு நாளைக்கு 500 கலோரியைத் தாண்டும். காபியில் கரைந்த வெண்ணெய் 200. சீஸ் 60 கிராம் இருந்தால் அது ஒரு 240. மொத்தம் ஆயிரத்தைத் தொட்டுவிடும். உங்கள் வயதுக்கும் எடைக்கும், உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால், நாள் முழுவதும் செலவாவதே 1,800 முதல் 2,000 கலோரிதான். ‘இதற்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று நீங்கள் நினைத்த மூன்று பொருள்கள் பாதி நாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டுவிட்டன.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என்ன செய்தும் எடை குறையவில்லை என்று வந்த பத்துப் பேரை வைத்து 1992-இல் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் எழுதிக்கொடுத்த கலோரி, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. கண் அளவும் கை அளவும் எல்லோரையும் ஏமாற்றும், உணவியல் படித்தவர்களையும்தான். இன்னொரு பக்கம் உடலும் சும்மா இருப்பதில்லை. ஒரு கிலோ குறைந்தால் தினசரிச் செலவு 20, 30 கலோரி குறைகிறது, பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் மாதத்தில் அரைக் கைப்பிடியாக இருந்தது இப்போது முழுக் கைப்பிடியாக ஆகியிருந்தால், அது நீங்கள் கவனிக்காமல் பசி செய்த வேலை.

ஆக, மாவுச்சத்தை இன்னும் வெட்ட வேண்டாம். உங்கள் குறிப்பின்படி நீங்கள் ஏற்கெனவே ஒரு நாளைக்கு 60 கிராம் பக்கம் இருக்கிறீர்கள். 130 கிராமுக்குக் கீழ் வந்தாலே மாவுச்சத்துக் குறைவான உணவு என்றுதான் கணக்கு. முதலில் காபியில் வெண்ணெயை நிறுத்துங்கள். அது எப்படி இந்த உணவு முறையின் அடையாளமாக ஆனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொட்டை வகையில் ஒரு நாளைக்கு 25 கிராம், தராசில் நிறுத்து, சின்னக் கிண்ணத்தில் போட்டு, டப்பாவை மூடி வைத்த பிறகு சாப்பிடுங்கள். நான்கு மணிக்குப் பசித்தால் ஒரு வேக வைத்த முட்டை.

மலச்சிக்கலுக்கும் சேர்த்து ஒரு மாற்றம் சொல்கிறேன், கீட்டோ பிடிவாதக்காரர்களுக்குப் பிடிக்காது: மதியச் சாப்பாட்டில் 100 கிராம் வெந்த பயறு. அதில் மாவுச்சத்து சுமார் 20 கிராம்தான், நார்ச்சத்து 8 கிராம், புரதம் 7 முதல் 9 கிராம். முந்திரி குறைந்ததில் மிச்சமாகும் மாவுச்சத்து இதற்குக் கிட்டத்தட்டப் போதும். கீரையும் மற்ற காய்களும் இரண்டு வேளைத் தட்டில் பாதி இருக்கட்டும். தண்ணீரையும் மறக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது கொழுப்புப் பரிசோதனையும் கேளுங்கள். இந்த முறையில் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு பொதுவாக இறங்கும். ஆனால் வெண்ணெயும் சீஸும் மிகுந்தால் சிலருக்கு ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் நன்றாகவே ஏறிவிடும். தராசில் அது தெரியாது.

எடையைத் தினமும் காலையில் பார்த்து எழுதுங்கள், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் கூடுவது சகஜம், அந்த வாரத்தை அதே மாதிரியான போன மாத வாரத்தோடு வைத்துப் பாருங்கள். இடுப்பையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாடாவால் அளந்துகொள்ளுங்கள்.

இப்படி ஆறு வாரம் பாருங்கள். பசி அடங்கி, சராசரி மெதுவாக இறங்கினால் தொடரலாம். மாறாக, நாள் முழுக்கச் சோற்று நினைப்பாகவே இருந்து, ராத்திரி டப்பாவைத் தேடிப் போகிற நிலை வந்தால், இந்த முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு, மதியம் வெந்த சோறு 100 கிராம் திரும்பக் கொண்டுவாருங்கள். மறுநாள் தராசு கூடக் காட்டும். அன்றைக்கு அதில் ஏறாதீர்கள், நான்கு நாள் கழித்து ஏறிக்கொள்ளலாம்.