சம்பளத் தேதியும் புள்ளிப் பட்டியலும்: இங்கிலாந்தின் சின்னக் கிளப்புகள் பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சியான பிரீமியர் லீக் பற்றித் தமிழில் பேச ஆள் ஏராளம். அதற்குக் கீழே மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைகளில் இருக்கும் லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் கிளப்புகளின் வரவு செலவு பற்றிக் கேட்டவர்களுக்காக இந்தப் பதில்கள். நான் இங்கிலாந்தில் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் இப்படி ஏதாவது ஒரு மைதானத்தில் நிற்பேன், மற்ற நாட்களில் இந்தக் கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளைப் புரட்டுவேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை விடுங்கள்.

பிரபு, திருச்சி: அண்ணா, லீக் டூவில் ஆடுகிற ஒரு வீரருக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? கோடிக்கணக்கில் இருக்குமா?

இருக்காது. தனிப்பட்ட சம்பளத்தைக் கிளப்புகள் வெளியிடுவதில்லை. பரவலாகப் பேசப்படுவது, வாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பவுண்டிலிருந்து மூவாயிரம் வரை. இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளக்க வேண்டாம். வருமான வரி, வாடகை, கிளப் மாறும்போதெல்லாம் குடும்பத்தோடு ஊர் மாற்றம் என்று எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

தொகையை விடக் கவனிக்க வேண்டியது காலக்கெடு. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. முடியும் தேதி ஜூன் 30. யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியல் மே மாதம் வந்துவிடும். 31 வயசு, முழங்காலில் ஒரு அறுவை சிகிச்சை, இரண்டு குழந்தைகள் என்று இருக்கும் ஒருவருக்கு அந்தப் பட்டியல் வருகிற நாள் எப்படிப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கீழே இறங்கினால் பகுதி நேரம்தான். பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி. ஸ்டிரைக்கர் (கோல் போடுவதே வேலையாக இருப்பவர்) ஜேமி வார்டி, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற கீழ்நிலை அணியில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடிய காலத்தில், எலும்பு முறிவுக்குக் கட்டும் ஸ்பிளிண்ட் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 2012இல் ஃபிளீட்வுட்டிலிருந்து பத்து லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் போனார், 2016இல் பிரீமியர் லீக் பட்டம். எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அவரோடு ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஆடிய மற்றவர்கள் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனதை யாரும் சொல்வதில்லை.

நித்யா, சென்னை: வருமானம் இவ்வளவுதான் என்று தெரிந்தும் ஏன் சார் அதற்கு மேல் செலவு செய்கிறார்கள்? முதலாளிகளுக்குக் கணக்குத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். சொந்தத் தொழிலில் ஒரு பைசா விடாதவர்கள்தான் இங்கே வந்து கொட்டுகிறார்கள். காரணம் ஏணி. நேஷனல் லீக்கிலிருந்து லீக் டூவுக்கு ஏறும் இடம் வருடத்துக்கு இரண்டே இரண்டு. மேலே போனால் தொலைக்காட்சிப் பங்கும், பிரீமியர் லீக் கீழே இறக்கிவிடும் தொகையும் வரும். போகாவிட்டால் டிக்கெட், பீர், பர்கர், உள்ளூர் விளம்பரப் பலகை, அவ்வளவுதான். ஒருவர் நல்ல ஸ்டிரைக்கரை வாங்கினால் பக்கத்து ஊர்க்காரரும் வாங்கியே ஆக வேண்டும். ஏலச்சீட்டில் வீம்புக்குத் தள்ளிக் கேட்பது மாதிரிதான். ஏலம் முடிந்த பிறகுதான் தவணை ஞாபகம் வரும்.

ரெக்ஸம் தெரியும்தானே, 2021இல் இரண்டு ஹாலிவுட் நடிகர்கள் வாங்கிய கிளப். நேஷனல் லீக்கை வென்ற 2022-23 பருவத்தில் அதன் சம்பளச் செலவு சுமார் 69 லட்சம் பவுண்டு, நஷ்டம் சுமார் 51 லட்சம். அவர்களுக்கு அது பலித்தது, 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஏறினார்கள். அதே டிவிஷனில் அவர்களோடு போட்டி போட வேண்டியிருந்த, ஆவணப்படமும் இல்லாத, நடிகரும் இல்லாத கிளப்பின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதே ரெக்ஸமை 2011இல் காப்பாற்றியது ஹாலிவுட் இல்லை. லீக்கில் நீடிக்கக் கட்ட வேண்டிய உத்தரவாதத் தொகைக்காக ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள்.

நான் கணக்குகளில் பார்க்கிற வரையில், வீரருக்குத் தனியாக அதிகம் கொடுத்து எந்தச் சின்னக் கிளப்பும் மூழ்குவதில்லை. சம்பளப் பட்டியல் ஒரே ஒரு மனிதரின் சட்டைப் பையை நம்பி நிற்பதுதான் ஆபத்து. அவருக்கு மனசு மாறினாலோ, வேறு தொழில் படுத்துவிட்டாலோ, அடுத்த மாதச் சம்பளம் இல்லை.

செல்வம், சிங்கப்பூர்: பெரி கிளப் ஒழிந்ததே, அதில் என்னதான் நடந்தது?

மான்செஸ்டர் பக்கத்து ஊரான பெரியில் 1885இல் தொடங்கிய கிளப். தோற்றால் வெளியே என்று நடக்கும் எஃப்.ஏ. கோப்பையை 1900இலும் 1903இலும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பியை 6-0 என்று நசுக்கியது. அந்த வித்தியாசத்தை 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டிதான் வாட்ஃபோர்டுக்கு எதிராகச் சமன் செய்தது. மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 27 அன்று, பெரி லீக்கை விட்டு நீக்கப்பட்டது.

முந்தைய முதலாளி காலத்தில் தகுதிக்கு மீறிய சம்பளத்துக்கு ஆள் சேர்த்தார்கள், மைதானத்தின் மேல் கடன் ஏறியது. கார் நிறுத்தும் இடங்களைக்கூட முதலீட்டுத் திட்டமாக வெளியாட்களுக்கு விற்றார்கள். 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் ஒரு பவுண்டுக்கு கிளப்பை வாங்கினார். ஒரு பவுண்டு என்றால் சும்மா கிடைத்தது என்று அர்த்தமில்லை, கடன் முழுவதும் கூடவே வரும்.

கொடுமை என்னவென்றால் அந்தப் பருவத்தில் அணி பிரமாதமாக ஆடியது. சம்பளம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த நிலையில் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். ஜூலையில் கடன்காரர்களோடு ஒப்பந்தம். சாதாரணக் கடன்காரர்களுக்கு நூற்றுக்கு 25 கிடைக்கும் என்ற கணக்கு. ஆனால் வரப்போகும் பருவத்தை நடத்தக் காசு இருப்பதை லீக்கிடம் காட்ட முடியவில்லை. கெடு நாளில் வாங்க வந்த நிறுவனமும் பின்வாங்கியது. 2019-20 லீக் ஒன் பருவம் 23 அணிகளோடுதான் நடந்தது.

ரசிகர்கள் புதுக் கிளப் தொடங்கி ராட்கிளிஃபில் இடம் பிடித்து ஆடினார்கள். 2023இல் புதுக் கிளப்பின் தரப்பும், பழைய மைதானத்தை மீட்ட ரசிகர்கள் தரப்பும் இணைந்து, பழைய கிக் லேன் மைதானத்துக்கே பெரி திரும்பியது, பல டிவிஷன் கீழே.

அஸ்லம், கீழக்கரை: சம்பளம் வராவிட்டால் வீரர் என்ன செய்ய முடியும்? ஆட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடலாமா?

உட்கார்ந்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் போல்டன் வீரர்கள் சம்பளம் வராததால் பிரெண்ட்ஃபோர்டுடனான ஆட்டத்துக்கு இறங்க மறுத்தார்கள். ஆட்டம் நடக்கவே இல்லை, 1-0 என்று எதிரணிக்குத் தீர்ப்பானது. அதே வருடம் நவம்பரில் மேக்கிள்ஸ்ஃபீல்டின் முதல் அணி வேலைநிறுத்தம் செய்ததால், எஃப்.ஏ. கோப்பையில் கிங்ஸ்டோனியனுக்கு எதிராகப் பொடியன்களை இறக்கி 0-4 என்று தோற்றார்கள்.

முறைப்படி போக வேண்டுமென்றால் முதலில் சங்கம். 1907இல் மான்செஸ்டரில் தொடங்கிய வீரர்கள் சங்கம் இன்னும் பலமாகவே இருக்கிறது. கிளப்போடு பேசும், அவசரத்துக்குக் கைமாற்றும் கொடுக்கும். அடுத்தது ஒப்பந்தத்தை முறிப்பது. ஃபிஃபா விதிப்படி 2018 முதல், இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால் எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஆனால் நடுப் பருவத்தில் வெளியேறி எங்கே போவது? அதனால்தான் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார்கள், ஆடினால்தான் அடுத்த கிளப்பின் கண்ணில் படலாம்.

வீரர்களுக்காவது சங்கம் இருக்கிறது. போல்டனில் அந்த மே மாதம் சம்பளம் கிடைக்காத அலுவலக ஊழியர்களுக்காகக் கிளப்பிலேயே இலவச உணவுப் பொருள் வங்கி திறந்தார்கள். சீருடை துவைப்பவர், டிக்கெட் கொடுப்பவர், புல்தரை பார்ப்பவர், இவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் செய்தித்தாளில் வராது.

நித்யா, சென்னை (மறுபடியும்): கிளப் திவாலானால் யாருக்கு முதலில் பணம்?

வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும். கால்பந்துக் கடன்காரர் விதி என்று ஒன்று உண்டு. சம்பள பாக்கியும் டிரான்ஸ்ஃபர் பாக்கியும் முழுதாகத் தீர்ந்தால்தான் லீக்கில் இடம். பேருந்துக்காரர், இறைச்சிக் கடைக்காரர், அச்சகம் எல்லாம் வரிசையில் பின்னால். 2010இல் போர்ட்ஸ்மத் விழுந்தபோது, மைதானத்தில் முதலுதவி பார்க்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு நிறுவனமும் கடன்காரர் பட்டியலில் இருந்தது. வரித்துறை இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டு 2012இல் தோற்றது.

வீரருக்கு நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அந்த இறைச்சிக் கடைக்காரர்தான் இருபது வருடமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர். எனக்கு இந்த விதி பிடிக்காது.

தினேஷ், யாழ்ப்பாணம்: சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் தீர்ந்ததே?

வைத்துப் பார்த்தாயிற்று. 1901இல் வாரம் 4 பவுண்டு என்று ஆரம்பித்த வரம்பு, 1961இல் 20 பவுண்டில் இருந்தபோது ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலைநிறுத்த மிரட்டலோடு அதை உடைத்தது. உடனே ஃபுல்ஹாமின் ஜானி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார்.

கோவிட் காலத்தில், 2020 ஆகஸ்டில், லீக் ஒன் கிளப்புக்கு மொத்தம் 25 லட்சம், லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்டு என்று மறுபடி வரம்பு. 2021 பிப்ரவரியில் சங்கம் நடுவர் மன்றத்தில் அதை முறியடித்தது. பழைய முறைக்கே திரும்பினார்கள்: வருமானத்தில் லீக் ஒன் 60 சதவீதம், லீக் டூ 50 சதவீதம் வரை வீரர் சம்பளத்துக்கு. கேட்க அழகாக இருக்கும். முதலாளி பங்காகவோ நன்கொடையாகவோ போடும் பணமும் வருமானக் கணக்கில் சேர்ந்தது என்பதுதான் ஓட்டை. திரும்பவும் சட்டைப் பை.

பிரபு, திருச்சி: பர்கர் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்ட முதலாளி ஒருவர் உண்டாமே, உண்மையா?

உண்மை. அக்ரிங்டன் ஸ்டான்லியின் ஆண்டி ஹோல்ட். ஜெயித்தால் வீரர்களுக்கு பர்கர் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல, ஒப்பந்தத்தில் எழுதாத போனஸ் கொடுக்கக் கூடாது என்று 2017இல் லீக் அவரைக் கேள்வி கேட்டது. கோடிக்கணக்கில் கடன் ஏற்றுகிறவரை விட்டுவிட்டு பர்கரைப் பிடிக்கிறார்கள் என்று அவர் கொந்தளித்தது நியாயம்தான்.

மீனா, கோயம்புத்தூர்: முதலாளி பணம் இல்லாமலே தாக்குப்பிடிக்கிற கிளப் உண்டா?

எக்ஸெட்டர் சிட்டி. 2003 முதல் ரசிகர்கள் அறக்கட்டளையின் கையில். அவர்களைத் தூக்கி நிறுத்தியது 2005 ஜனவரி 8, எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் அவர்களுடைய ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்திலேயே 0-0. அப்போது எக்ஸெட்டர் ஐந்தாம் நிலை லீக்கில். கோப்பை ஆட்டத்தில் டிக்கெட் வசூலில் பெரும் பகுதியை இரு அணிகளும் சரிபாதி பங்கிடும், அப்படியொரு மைதானத்தில் பாதி என்றால் சின்னக் கிளப்புக்குக் கடன் அடைபடும். மறு ஆட்டத்தில் 0-2 என்று தோற்றார்கள், அதற்கும் வசூல் உண்டு. அந்த மறு ஆட்ட முறையை 2024-25 முதல் பிரதானச் சுற்றுகளில் எடுத்துவிட்டார்கள். பெரிய கிளப்புகளுக்கு நாட்காட்டியில் இடமில்லையாம்.

அடுத்து, பையன்களை வளர்த்து விற்பது. ஆலி வாட்கின்ஸ் அங்கே வளர்ந்தவர். 2017இல் பிரெண்ட்ஃபோர்டுக்கு விற்றபோது, பின்னால் அவரை விற்றால் ஒரு பங்கு தங்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். 2020இல் அவர் ஆஸ்டன் வில்லா போனதும் அந்தப் பங்கு வந்து சேர்ந்தது. கோவிட்டில் வாசல் பூட்டிக் கிடந்த வருடம் அது, கவனியுங்கள்.

ராஜேஷ், வியாசர்பாடி: நம்ம ஊரில் எப்படி அண்ணே? இங்கே கிளப் சம்பளத்தில் வாழ முடியுமா?

உங்களுக்கே தெரியும் தம்பி. சென்னை லீக்கில் பலகாலமாக வீரரைக் காப்பாற்றியது கிளப் இல்லை, வேலை. வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, போலீஸ். ஆட்டம் நின்ற பிறகும் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. இங்கிலாந்தின் லீக் டூ வீரருக்கு அப்படி ஒரு வேலை கிடையாது. அந்த வேலைகள் குறையக் குறைய முழுநேரக் கிளப்பை நம்ப வேண்டிய நிலை, அதன் கதியோ வேறு. சென்னை சிட்டி 2018-19இல் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வென்றது, 2021-22 பருவத்தில் ஐ-லீக்கிலேயே இல்லை. மகன் ஆடுகிறான் என்றால் ஆடட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத் தேதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செல்வம், சிங்கப்பூர்: ஒரு கிளப் பணத்தில் தள்ளாடுகிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தின் நிறுவனப் பதிவேடு இணையத்தில் இலவசம். கிளப் பெயரைத் தேடுங்கள். முதலில் ஆண்டுக் கணக்கு நேரத்துக்குத் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாமதம் என்றால் வெளியே தெரியக் கூடாதது ஏதோ இருக்கலாம். அடுத்தது, ஒரு வருடத்துக்குள் தீர்க்க வேண்டிய கடன் எவ்வளவு, அதில் முதலாளிக்கே தர வேண்டியது எவ்வளவு. சின்ன நிறுவனங்கள் லாப நட்டப் பக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பதால் இருப்புநிலைக் குறிப்பை வைத்தே ஊகிக்க வேண்டும். மைதானம் கிளப்பின் பெயரிலா, முதலாளியின் வேறு நிறுவனத்தின் பெயரிலா என்பதையும் தேடுங்கள்.

மே முதல் ஜூலை வரை ஆட்ட நாள் வசூல் அநேகமாகக் கிடையாது, சம்பளம் மட்டும் உண்டு. அந்த மாதங்களில்தான் குட்டு உடையும். 2025 ஜூலையில் மோர்கம்ப் கிளப்பில் சம்பளம் முழுதாகப் போகவில்லை, நேஷனல் லீக் அதை இடைநீக்கம் செய்தது, ஆகஸ்டில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு வாங்கிப் பிழைக்க வைத்தது. அதே ஜூலையில்தான் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. மேல் ஐந்து நிலைகளின் 116 கிளப்புகளும் இனி சுதந்திர ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்துக்காகக் கிளப்புகள் காட்டப்போகும் நிதித் திட்டங்கள் பொதுவில் வெளியானால் நமக்குப் படிக்க நிறைய இருக்கும். அதுவரை பதிவேட்டுப் பக்கம்தான்.